கௌரவமான விடுதலை: ஒரு சொல்லின் சரித்திரம்

நீதிமன்றம் ஒருவனைக் குற்றவாளியல்லன் என்று தீர்த்து விடுதலை செய்தபின் அவன் எவ்வளவு தூரம் குற்றமற்றவன்? வினா விசித்திரமாகத் தோன்றலாம். குற்றமின்மை முழத்தாலும் சாணாலும் அளக்கப்படும் பொருளன்று. அது உண்டு, அல்லது இல்லை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கின்றோம். ஆயின், இந்தியாவிலே பொலிஸ் படையிற் சேர விரும்பும் இளைஞன் ஒருவன், என்றோ ஒரு நாள் ஒரு வழக்கில் அகப்பட்டு விடுதலை பெற்றவனாயின், இவ்வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும். எழுத்துப் பரீட்சையிலே தேறியிருப்பான். ஓட்டத்திலும் கயிறேறுவதிலும் தேறியிருப்பான். உயரமும் மார்பளவும் சரியாயிருக்கும். கடைசிப் படிவத்திலே ஒரு கேள்வி காத்து நிற்கும்: நீர் எப்போதாவது கைதுசெய்யப்பட்டதுண்டா, உம்மீது வழக்குத் தொடரப்பட்டதுண்டா, அதன் முடிவு யாது? விடுதலை என்று எழுதினால், எவ்வகை விடுதலை என்று அலுவலகம் திருப்பிக் கேட்கும்.

இந்தியக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போமாயின், விடுதலைக்கு வகை எதுவும் அங்கே கூறப்படவில்லை என்பது தெரியவரும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. 2024 யூலை 1 முதல் அதனிடத்தைப் பிடித்துக்கொண்ட புதிய சட்டத்திலும் இல்லை. விசாரணை முடிவில் நீதிபதிக்கு இரண்டே வழிகள்: தண்டனை, அல்லது விடுதலை. சிறு குற்றங்களில் முறைப்பாட்டுக்காரரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் சமரசமாகப் போய்விட்டால், அச்சமரசமும் விடுதலையின் பயனையே தரும் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 320ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறிற்று. ஸ்கொத்லாந்திலே நெடுங்காலமாக மூன்றாவது தீர்ப்பொன்று இருந்தது. குற்றவாளி, குற்றவாளியல்லன் என்ற இரண்டுக்கும் நடுவே "நிரூபிக்கப்படவில்லை" என்று ஒன்று. மனிதனை வெளியே விட்டுவிட்டு அவன் பின்னால் ஐயத்தையும் அனுப்பிவைக்கும் தீர்ப்பு என்று பலரும் அதனைக் கண்டித்தனர்; 2025இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் அதனை ஒழிப்பதற்குச் சட்டமியற்றியது. இந்தியாவின் சட்டப் புத்தகத்தில் அத்தகைய தீர்ப்பு ஒருபோதும் இடம்பெற்றதில்லை. ஆனால் ஆட்சேர்ப்பு அலுவலகத்திலே அது உயிரோடிருக்கின்றது. அங்கே விடுதலை நான்கு சாதிகளாகப் பிரிக்கப்படும். சாட்சியம் முழுவதும் ஆராயப்பட்டுக் குற்றச்சாட்டு பொய்யெனக் கண்டது உயர்ந்த சாதி. சந்தேகத்தின் பயனால் வந்தது அதற்குத் தாழ்ந்தது. சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்தது இன்னுந் தாழ்ந்தது. சமரசத்தால் வந்ததும் அவ்வரிசையிலேதான். முதலாவதற்கு மாத்திரமே "கௌரவமான விடுதலை" என்ற பட்டம் உண்டு.

இப்பட்டம் எங்கிருந்து வந்தது? நீதிமன்றத்திலிருந்து அன்று என்பதுதான் வியப்பு. 1930களின் முற்பகுதியில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முன் இச்சொற்றொடர் வந்தபோது, இத்தகைய சொல் நீதிமன்றங்கள் அறியாத ஒன்று என்றும், இராணுவ நீதிமன்றுகள் முதலியவற்றில் வழங்குவது போலும் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டனர். அவர்கள் கருத்துப் பொருத்தமானதே. இராணுவ அதிகாரி ஒருவனுக்குக் கௌரவம் என்பது பதவியோடு ஒட்டிய உடைமை. அவன் மீது பழி சுமத்தப்பட்டு விசாரணை நடந்தால், வெறுமனே விடுவிப்பது போதாது. அவனுடைய சகாக்களோடு அவன் மீண்டும் ஒரே மேசையிலிருந்து உணவருந்தத்தக்கவன் என்று கூறவேண்டும். அதனைக் கூறுவதற்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. சாதாரண சிப்பாயின் கௌரவத்தைப் பற்றி அக்காலத்திற் கவலைப்பட்டோர் அதிகமில்லை.

படைவீட்டிலிருந்து இச்சொல் உத்தியோகத்தரின் அறைக்குக் குடிபெயர்ந்தது. 1922 முதல் நடைமுறைக்கு வந்த, இந்திய அரசாங்க ஊழியருக்குரிய அடிப்படை விதிகளில் 54ஆம் விதி, வேலைநீக்கமோ இடைநிறுத்தமோ செய்யப்பட்ட ஊழியர் மீண்டும் வேலைக்கு வரும்போது இடைக்காலச் சம்பளத்தை எவ்வாறு கொடுப்பது என்று வகுத்தது. "கௌரவமாக விடுவிக்கப்பட்டால்" முழுச் சம்பளம். இன்றேல் அதிகாரி தீர்மானிக்கும் பங்கு. ஆக, நமது கதையின் தொடக்கத்தில் இச்சொல் ஒரு சம்பளக் கணக்குச் சொல். ஏற்கெனவே உத்தியோகத்திலிருப்பவனுக்குப் பாக்கிப் பணம் கொடுப்பதா இல்லையா என்பதே அதன் முழு வேலை.

அந்த வேலையைக்கூட அதனாற் சரியாகச் செய்ய இயலாது என்று கண்டது சென்னை உயர் நீதிமன்றம். மத்திய அரசாங்க ஊழியர் ஒருவர், குற்ற வழக்கில் விடுதலை பெற்றபின் இடைநிறுத்தக் காலச் சம்பளத்தைக் கேட்டு வந்தார். 1960ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான அத்தீர்ப்பின் தருக்கம் எளிமையானது. குற்றத்தை நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுப்பவருடையது. அவர் நிரூபிக்கத் தவறினால் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலைக்கு உரியவர். தாம் நிரபராதி என்று நிரூபிக்கும் கடமை அவருக்கு இல்லை. கடமையே இல்லாத ஒன்றை அவர் செய்து காட்டவில்லையென்று எவ்வாறு குறைகூறுவது? விடுதலைத் தீர்ப்பிலே "கௌரவமாக" என்ற சொல்லைத் தேடுவது வீண் என்று அந்நீதிமன்றம் கருதிற்று. இவ்வளவு தெளிவான நியாயம் அரை நூற்றாண்டிற்குள் எவ்வாறு மங்கிப்போயிற்று என்பதைக் காண, நாம் பொலிஸ் படையின் பக்கம் திரும்பவேண்டும்.

இந்தியப் பொலிஸ் மக்களுக்காக உண்டாக்கப்பட்ட நிறுவனமன்று. சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பதற்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்பட்டமை பற்றி ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 1855இல் வெளியாயிற்று. வரி வசூலையும் காவலையும் ஒரே கையில் வைத்திருந்ததன் விளைவு அது. 1859இல் சென்னைக்கென ஒரு பொலிஸ் சட்டம் வந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் அச்சம் தணியாத நிலையில், 1861இல் இந்தியா முழுவதற்குமான சட்டம் வந்தது. இரண்டுக்கும் பின்னணியில் அயர்லாந்துப் பொலிஸ் முறை நின்றது. அடிமைப்பட்ட நாடொன்றை அடக்கிவைக்கப் பயன்பட்ட முறையையே இன்னோர் அடிமை நாட்டுக்கும் கொண்டுசென்றனர். நமது நாட்டின் 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டமும் அதே காலத்தின் பிள்ளை. அடுத்த ஆண்டில் இங்கு படைக்குத் தலைவராக வந்த காம்பெல், பம்பாய் மாகாணத்தில் ரத்னகிரிப் படைப்பிரிவை நடத்தியவர். ஆகவே அங்குள்ள கதை நமக்கு அந்நியமன்று.

இத்தகைய படைக்கு ஆள் எடுக்கும்போது ஆட்சியாளர் வேண்டியது விசுவாசம். "நடத்தையும் பூர்வீகமும்" விசாரித்தல் என்ற வழக்கம் அத்தேவையிலிருந்தே வளர்ந்தது. ஆளைத் தெரிந்து தெளிதல் தவறென்று எவரும் கூறார். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே இருக்கின்றது. ஆயின் அவ்வதிகாரத்தின் போக்கு, ஒருவனுடைய நன்மையையும் தீமையையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பதாகும். ஏகாதிபத்தியத்தின் தராசுக்கு ஒரு தட்டுத்தான் இருந்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒருவனுடைய பூர்வீகம் என்பது அவன் செய்த செயலன்று, அவன் பிறந்த குலம். தமிழ்நாட்டிலே கள்ளர், மறவர் முதலாய சமூகத்தவர் பலர் இச்சட்டத்தின்கீழ் கைரேகை வைத்து இரவில் ஊர்ச்சாவடியிற் படுக்க நேர்ந்தது. சென்னையில் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் சட்டம் ஒழிந்தது. சந்தேகத்தைப் பதிவேட்டில் எழுதி வைத்துத் தலைமுறையாகக் காக்கும் மனப்பான்மை சட்டத்தோடு ஒழியவில்லை.

சுதந்திரம் வந்தபின் இம்மனப்பான்மையை முதலில் அனுபவித்தவர்களுள் இடதுசாரித் தொழிலாளரும் அடங்குவர். 1949இல் ரெயில்வேயில் தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு விதித்தொகுதி உண்டாயிற்று; கம்யூனிஸ்டுத் தொடர்புடையோர் என்று கூறப்பட்ட ஊழியர்கள் அதன்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1958இல் கிடைத்த விடை: வேலைதானே போயிற்று, நீங்கள் விரும்பினால் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளாயிருக்கலாமே! சட்டத்தின் கண்ணுக்குப் பட்டினி தெரிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கால் நூற்றாண்டு கழித்து, 1983இல், மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவர் அதே வாயிலில் நின்றார். நகரசபைப் பாடசாலை அரசாங்கத்தின் கைக்கு மாறியபோது, பூர்வீகம் விசாரிக்கப்படும் என்ற நிபந்தனையோடு அவர் உள்வாங்கப்பட்டார், பின்னர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளிற் பங்குபற்றியவர் என்ற பொலிஸ் அறிக்கையின்பேரில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். இம்முறை தீர்ப்பெழுதியவர் நீதியரசர் சின்னப்ப ரெட்டி. பொலிஸ் அறிக்கையை வைத்து மனிதனின் பழைய அரசியலைத் துருவி உத்தியோகம் மறுப்பது அடிப்படை உரிமைகளுக்கு முரண் என்று அவர் ஆசிரியரை மீட்டார். அந்த ஆசிரியரின் அரசியல் நமக்கு உவப்பானதன்று. அதனாலேயே இத்தீர்ப்பை நாம் விரும்பிப் படிக்கவேண்டும். நமக்கு வேண்டாதவனுக்கு மறுக்கப்படும் நீதி, நாளை நமக்கும் அதே படிவத்தில் மறுக்கப்படும்.

ஆயின் பொலிஸ் உத்தியோகம் ஆசிரிய உத்தியோகம் போன்றதன்று என்ற நியாயம் இதற்குப்பின் மெல்ல மெல்ல வலுப்பெற்றது. டில்லிப் பொலிசுக்குத் தெரிவான கான்ஸ்டபிள் ஒருவர், பூர்வீக விசாரணையில் ஒரு குற்ற வழக்கில் அகப்பட்டிருந்தவர் எனத் தெரியவந்தமையால் நிராகரிக்கப்பட்டார். வழக்கிலிருந்து அவர் விடுபட்டிருந்தார். 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியதன் சாரம் இது: வழக்கின் முடிவு முக்கியமன்று, அம்மனிதனின் நடத்தையே முக்கியம், படைக்கு ஏற்றவனா என்று தீர்மானிப்பது நியமன அதிகாரியின் பொறுப்பு. சொல்லளவில் இதிலே தவறு காண்பது கடினம். குற்றம் நிரூபணமாகாமை வேறு, உத்தியோகத்துக்குத் தகுதி வேறு என்பது உண்மையே. ஆனால் நடத்தையை எதனைக் கொண்டு அறிவது? அலுவலகத்தின் கையிலிருப்பது பழைய குற்றப்பத்திரிகை ஒன்றுதான். நீதிமன்றம் நம்ப மறுத்த அதே காகிதத்தை அலுவலகம் நம்புகின்றது.

2011இல் மாற்றுக் குரல் ஒன்று எழுந்தது. டில்லிப் பொலிசில் தலைமைக் கான்ஸ்டபிள் பதவிக்கு விண்ணப்பித்த இளைஞர், தம் இருபதாவது வயதளவில் நடந்த ஓர் அடிதடி வழக்கைப் படிவத்தில் முதலிற் குறிப்பிடவில்லை. வழக்குச் சமரசமாகி விடுதலையும் கிடைத்திருந்தது. நீதியரசர் மார்க்கண்டேய கட்ஜு, இளமையிற் செய்யும் சிறு தவறுகளுக்காக ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் முத்திரை குத்துதல் ஆகாது என்று அவருக்குச் சாதகமாகத் தீர்த்தார். பாண் ஒன்றைத் திருடியதால் வாழ்நாளெல்லாம் வேட்டையாடப்பட்ட ழான் வல்ழானை அத்தீர்ப்பிலே நினைவுகூர்ந்தார். விக்டர் ஹியூகோவின் அந்நவீனத்தைச் சுத்தானந்த பாரதியாரின் "ஏழை படும் பாடு" மூலமாகத் தமிழர் அறிவர். 1950இல் அது திரைப்படமானபோது, விடாது துரத்தும் பொலிஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு "ஜாவர்" என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகவேயில்லை. ஒரு நடிகருக்கு அது புகழ். விடுதலை பெற்ற இளைஞனோடு ஒட்டிக்கொள்ளும் பெயர் வேறு வகையானது.

அக்குரல் நெடுநாள் ஓங்கி ஒலிக்கவில்லை. டில்லிப் பொலிஸ் 2010இல் ஒரு நிலையான கட்டளை பிறப்பித்தது. பாரதூரமான குற்றங்களிலோ ஒழுக்கக்கேடான குற்றங்களிலோ குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால், பின்னர் விடுதலை கிடைத்தாலும், அது சந்தேகத்தின் பயனாலோ பழிவாங்கலுக்கு அஞ்சிச் சாட்சிகள் பிறழ்ந்ததாலோ வந்திருந்தால், பொதுவாக அவர் தகுதியற்றவர் என்றது அக்கட்டளை. 2012இல் தமிழ்நாட்டுப் பொலிஸ்காரர் ஒருவரின் வேலைநீக்க வழக்கிலே உச்ச நீதிமன்றம் "கௌரவமான விடுதலை"யை வரையறுக்க முயன்றது. துல்லியமாகச் சொல்ல இயலாது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சாட்சியம் முழுவதும் ஆராயப்பட்டபின் வழக்குத் தரப்பு முற்றாகத் தோல்வியடைந்திருந்தால் அவ்வாறு கூறக்கூடும் என்றது. மறு ஆண்டில், 2013இல், நீதியரசர் ரஞ்சனா தேசாய் எழுதிய தீர்ப்பு இவ்வரையறையை ஆட்சேர்ப்பு வாயிலிலும் நாட்டியது. இராணுவ மேசையிலிருந்து சம்பளக் கணக்குக்கு வந்த சொல், இப்போது உத்தியோகமே இல்லாதவனை வாசலில் மறிக்கும் தடியாக மாறிவிட்டது.

இத்தீர்ப்பை வெறும் கொடுமை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. பொலிஸ்காரனின் கையில் துப்பாக்கியும் கைதுசெய்யும் அதிகாரமும் இருக்கின்றன. ஊரிலே எளியவர்மேல் முதலிற் பாய்வதும் அவனே. சாட்சிகள் ஏன் பிறழ்கின்றனர் என்பதும் நாமறியாததன்று. பண்ணையார் மகன் தாழ்த்தப்பட்டவன் ஒருவனை அடித்தால், வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன் சாட்சிகள் யாவரும் ஒன்றும் காணாதவராகிவிடுவர். அவனுக்கு விடுதலை கிடைக்கும். அப்படிப்பட்டவன் காக்கிச் சட்டை அணிந்து அதே சேரிக்குள் நுழைவதை எவர் விரும்புவார்? நீதியரசர் தேசாயின் கவலை அதுதான். அது மெய்யான கவலை.

ஆயின் இந்த விதி அப்பண்ணையார் மகனைத்தான் பிடிக்கின்றதா? அவன் கான்ஸ்டபிள் வேலைக்கு வரிசையில் நிற்பவனல்லன். வரிசையில் நிற்பவன் சிறுகமக்காரனின் மகன், கூலிக்காரனின் மகன். மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் குடும்பத்தில் முதன்முதலாகக் காணப்போகிறவன். அவன் பெயர் குற்றப்பத்திரிகையில் ஏறுவது எவ்வாறு? வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு, திருவிழாச் சண்டை. ஒரு வீட்டில் சச்சரவு நேர்ந்தால் அவ்வீட்டு ஆண்மக்கள் அத்தனை பேரையும் எதிர்த்தரப்பார் முறைப்பாட்டிற் சேர்த்துவிடுவது கிராமத்து வழக்கம். இந்தியச் சிறைகளில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இருந்தோருள் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் என்பது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. அவர்களுள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், முஸ்லிம்கள் ஆகியோரின் பங்கு மக்கட்டொகையில் அவர்கள் பெறும் பங்கினும் அதிகம். வழக்கில் அகப்படுதல் என்பது இந்தியாவிலே குணத்தின் அளவுகோல் அன்று. அது பெரும்பாலும் வறுமையின் அளவுகோல்.

அதிலும் சமரசத்தின் கதை வேடிக்கையானது. சிறு வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே மக்களை அழைக்கின்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அதற்கென மக்கள் நீதிமன்றங்களை நடத்துகின்றது. இத்தனை ஆயிரம் வழக்குகள் ஒரே நாளில் தீர்ந்தன என்று பெருமையும் கொள்கின்றது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத இளைஞன், தவணைக்குத் தவணை நாட்கூலியை இழக்கமாட்டாதவன், ஊர்ப் பெரியவர் சொற்கேட்டுச் சமரசத்துக்கு ஒப்புகின்றான். நாலாண்டு கழித்து அதே அரசாங்கத்தின் இன்னொரு அலுவலகம், நீ ஏன் முழு விசாரணையை எதிர்கொண்டு கௌரவமாக விடுதலை பெறவில்லை என்று கேட்கின்றது. 2018இல் சண்டிகார் பொலிஸ் பற்றிய வழக்கிலும் இத்தகைய விடுதலை தானாகவே நியமன உரிமையைத் தராது என்றும், தெரிவுக் குழுவின் முடிவில் கெட்ட எண்ணம் இருந்தாலன்றி நீதிமன்றம் தலையிடாது என்றும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திற்று. 2014இல் அதே நகரத்து வழக்கொன்றில் நியமனம் கொடுக்கும்படி கட்டளையிட்டிருந்தது. அங்கே விடுதலை கௌரவமானதாகக் காணப்பட்டது.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. வழக்கைப் புலனாய்வு செய்வது பொலிஸ். சாட்சிகளைக் கொண்டுவருவதும் பொலிஸ். அவர்கள் தம் வேலையைச் சரியாகச் செய்யாது விட்டால், சாட்சியம் அரைகுறையாகி, நீதிபதி சந்தேகத்தின் பயனைக் கொடுப்பார். அப்பொழுது விடுதலை "கௌரவமற்றது" ஆகின்றது. எந்தத் திணைக்களத்தின் கவனக்குறைவால் அது கௌரவத்தை இழந்ததோ, அத்திணைக்களமே அதனைக் காரணங்காட்டி இளைஞனைத் திருப்பியனுப்புகின்றது. மேலும், கீழ் நீதிமன்ற நீதிபதிக்கு "கௌரவமாக" என்று எழுதச் சட்டத்தில் இடமுமில்லை, கட்டாயமுமில்லை. சிலர் எழுதுவர், பலர் எழுதார். ஒருவனுடைய வாழ்க்கை, நீதிபதியின் வசனநடையைப் பொறுத்ததாகிவிடுகின்றது. தமிழ் படித்தவர்களாகிய நாம் அடைமொழிகளின் பெருமையைப் பேசுவதுண்டு. ஓர் அடைமொழிக்கு இத்தனை வலிமை இருத்தல் நன்றன்று.

இவ்வளவு கண்டிப்பும் கடைசிப் படியில் நிற்பவனுக்கே. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் பாராளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ போட்டியிடத் தகுதியிழப்பது, வழக்கிருந்தாலன்று, குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டாலே. பாரதூரமான குற்றச்சாட்டுப் பதிவாகிவிட்டவரையும் விலக்கவேண்டும் என்று கேட்டபோது, 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, அது பாராளுமன்றம் செய்யவேண்டிய வேலை என்று கைவிட்டது. வழக்கு நிலுவையிலுள்ளவர் அமைச்சராகிப் பொலிஸ் திணைக்களத்தையே நிர்வகிக்கலாம். வழக்கு முடிந்து விடுதலை பெற்றவர் அத்திணைக்களத்தின் வாசலில் காவல் நிற்கலாகாது. பூர்வீகப் பரிசோதனையால் படை தூய்மை பெற்றதா என்றால் அதற்கும் சான்றில்லை. 2020இல் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனுமாக இருவர் பொலிஸ் காவலிலே தாக்குண்டு இறந்ததை நாடறியும். அத்தகைய வன்முறை வெளியிலிருந்து இரகசியமாக உள்ளே கொண்டுவரப்படுவதன்று, நிலையத்துக்குள்ளேயே கற்பிக்கப்படுவது.

2016இல் நீதியரசர் அருண் மிஸ்ரா எழுத, மூவர் அமர்வு இத்துறைக்கு நெறிகள் வகுத்தது. படிவத்தில் உண்மையை எழுதவேண்டும். மறைத்தால் அது தனிக் குற்றம். ஆயின் மறைக்கப்பட்டது அற்பமானதாயின், அதிகாரி மன்னிக்கலாம். அற்பத்துக்கு உதாரணமாக அத்தீர்ப்புக் காட்டுவது, இளவயதிற் கோஷம் போடுதல்! ஊர்வலம் சென்ற மாணவர் இதனை அறிந்துவைப்பது நல்லது. கோஷத்தை அற்பம் என்றதற்காக அவர்கள் வருந்தினாலும் பாதகமில்லை. உண்மையை ஒளிக்காது எழுதியவனைப் பற்றி அதே தீர்ப்புக் கூறுவது அத்தனை இனிமையானதன்று: வழக்கு முடிந்திருந்தாலும் அவன் பூர்வீகத்தை ஆராயும் உரிமை அதிகாரிக்கு உண்டு, நியமிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. மறைத்தால் மறைத்த குற்றம், சொன்னால் சொன்ன குற்றம்.

2024 பெப்ரவரியில் நீதியரசர் விசுவநாதன் எழுதிய தீர்ப்பு, 2011ஆம் ஆண்டுக் குரலை மீண்டும் கேட்கச் செய்தது. உத்தரப் பிரதேசத்தில் 2004இல் கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர், அதே ஆண்டில் விடுதலை பெற்ற வழக்கொன்றைச் சத்தியக் கடதாசியிற் குறிப்பிடாது விட்டதால் தெரிவு இரத்துச் செய்யப்பட்டது. ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் அறிக்கை அவர் நல்லவரென்றே கூறியிருந்தது. எல்லா மறைப்பையும் ஒரே கோலால் அளக்கலாகாது, அவ்வவ்வழக்கின் சூழ்நிலையைப் பார்க்கவேண்டும் என்று நீதிமன்றம் இரத்தை நீக்கிற்று. அதற்குள் ஏறத்தாழ இருபதாண்டு கழிந்துவிட்டது.

தமிழ்நாட்டிலோ சூழ்நிலையைப் பார்க்கும் சிரமமும் இல்லை; விதியிலேயே விடை அச்சிடப்பட்டிருக்கின்றது. பொலிஸ் கீழ்நிலைச் சேவைக்கான சிறப்பு விதிகளில் 14ஆம் விதிக்குச் சேர்க்கப்பட்ட விளக்கம், சந்தேகத்தின் பயனாலோ முறைப்பாட்டுக்காரர் பிறழ்ந்ததாலோ விடுதலை பெற்றவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவர் என்கின்றது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அவ்விதி செல்லுபடியாகும் என்று தீர்த்தது. 1960இல் அதே நீதிமன்றத்தின் பெயரால் வெளியான நியாயம் வேறொரு துறைக்குரியதாய் நின்றுவிட்டது. கௌரவமாகவே விடுதலை பெற்றவனுக்கும் இரண்டாவது விளக்கமொன்று காத்திருக்கின்றது. பூர்வீக விசாரணை நடந்த நாளில் வழக்கு முடியாதிருந்து, பின்னர் கௌரவமான விடுதலை கிடைத்தால், அவன் சம்பந்தப்படாதவனாகக் கருதப்படுவான். ஆயின் தேறிய இடத்தை அவனுக்குக் கொடுப்பதில்லை. அடுத்த ஆட்சேர்ப்பு அறிவிக்கப்படும்போது மீண்டும் விண்ணப்பித்து, மீண்டும் எழுதி, மீண்டும் ஓடி, மீண்டும் கயிறேறி வரவேண்டும், அதற்குள் வயதெல்லை தாண்டாதிருந்தால்.